இளநீல ஆக்ஸ்ஃபோர்டு சட்டை: 14 மாதங்கள், 131 நாட்கள்

நில அளவை என் தொழில். முற்பகலில் அளவைக் கருவியின் முக்காலியைத் தோளில் சுமந்துகொண்டு வெயிலிலும் புழுதியிலும் நடப்பேன். பிற்பகலில் அதே உடையோடு மேசைக்கு முன் அமர்ந்து, நில உரிமையாளர்களோடும் வழக்கறிஞர்களோடும் எல்லைக் கோடுகளைப் பற்றிப் பேசுவேன். நடுவில் வீட்டுக்குப் போய் உடை மாற்ற நேரம் கிடைப்பதில்லை. களத்துக்கு ஏற்ற உடையில் மேசைக்கு வந்தால், எதிரில் இருப்பவர் என் பேச்சை அரைமனதோடு கேட்கிறார். மேசைக்கு ஏற்ற உடையில் களத்துக்குப் போனால், முள்வேலியைத் தாண்டவே தயக்கம் வருகிறது. இரண்டு இடத்தையும் தாங்கும் ஒரே உடை என்பது பல ஆண்டுகளாக என் தேடல்.

சென்ற ஆண்டு ஒரே அளவில், ஒரே நிறத்தில் இரண்டு சட்டைகள் வாங்கினேன். இளநீல நிறம், ஆக்ஸ்ஃபோர்டு துணி, முழுக்கை, மார்பில் ஒரு பை, காலர் நுனிகளில் சிறு பட்டன்கள். வாங்கிய நாள் முதல் என் களக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினேன். இந்தச் சட்டைகளில் ஒன்றை உடுத்திய ஒவ்வொரு நாளும் எந்த பேன்ட், எந்தக் காலணி, எந்த பெல்ட், அன்று என்ன வேலை, மாலையில் சட்டை எப்படி இருந்தது என்று ஒரே ஒரு வரி எழுதுவேன். 14 மாதங்களில் 131 வரிகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு சட்டை 71 முறையும் மற்றது 60 முறையும் துவைக்கப்பட்டிருக்கின்றன. இந்த மதிப்புரை அந்த வரிகளைப் படித்து எழுதியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் நான் சட்டை வாங்கிய முறையே வேறு. கடையில் மடித்து வைத்திருக்கும் நிலையில் எது கண்ணைப் பிடிக்கிறதோ அதை எடுப்பேன். அப்படி எடுத்தவற்றில் பாதி, அலமாரியில் எதனோடும் சேராமல் கிடந்தன. ஒவ்வொன்றும் தனியாக நல்ல சட்டைதான். ஆனால் அவற்றோடு போட ஒரு பேன்ட் வாங்க வேண்டியிருந்தது, அந்த பேன்ட்டோடு போட ஒரு காலணி வாங்க வேண்டியிருந்தது. இந்த இளநீலச் சட்டை தனியாகப் பார்க்கும்போது அவ்வளவாக ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அலமாரியில் ஏற்கெனவே இருந்த பேன்ட்களில் பெரும்பாலானவற்றை அது மீட்டுக் கொடுத்தது. ஒரு சட்டையை இனி நான் அப்படித்தான் மதிப்பிடுவேன்: மற்ற துணிகளுக்கு அது என்ன செய்கிறது?

ஏன் இப்படிச் சேர்கிறது என்று அறிய, வரைபடம் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சட்டையின் கையில் வைத்துப் பார்த்தேன். துணி நீலமே அல்ல. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம்; குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. இரண்டு மெல்லிய பாவு நூல்கள் ஜோடியாகச் சேர்ந்து, ஒரு தடித்த ஊடை நூலின் மேலும் கீழும் போகின்றன. பாய் முடைந்ததுபோல் நீலக் கட்டம், வெள்ளைக் கட்டம், நீலக் கட்டம். கையெட்டும் தூரத்தில் அந்தக் கட்டங்கள் சொரசொரப்பாகத் தெரிகின்றன. நான்கு அடி தள்ளி நின்றால் கண்ணிலேயே கலந்து, மேகம் படிந்த வானத்தின் நிறமாகிவிடுகின்றன. அதாவது இந்தச் சட்டைக்குள் பாதிக்குப் பாதி வெள்ளை இருக்கிறது. நீலத்தோடு ஒத்துப்போகும் பேன்ட்டும் இதனோடு சேர்கிறது. வெள்ளையோடு ஒத்துப்போகும் பேன்ட்டும் சேர்கிறது. நூலையே நீலத்தில் தோய்த்து, இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் நெய்த பாப்ளின் சட்டை ஒன்றும் என்னிடம் உண்டு. நிறம் ஏறக்குறைய இதே இளநீலம்தான், ஆனால் அது இவ்வளவு இணக்கமாக இல்லை. தட்டையாக, வழவழப்பாக, மேசைக்கு மட்டும் உரியதாக நிற்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டு என்ற பெயரைப் பற்றி ஜவுளிக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து ஆலை ஒன்று நான்கு துணிகளை நெய்து ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், ஹார்வர்டு, யேல் என்று பல்கலைக்கழகங்களின் பெயரை வைத்ததாம். மற்ற மூன்றும் மறைந்துபோக, இது மட்டும் நிலைத்ததாம். நிலைத்ததற்குக் காரணம் பெயர் என்று நான் நினைக்கவில்லை. இந்த நெசவு முரடாகவும் இருக்கிறது, மரியாதையாகவும் இருக்கிறது. மெல்லிய நூலில் நெய்த பின்பாயின்ட் ஆக்ஸ்ஃபோர்டு, பளபளப்பான ராயல் ஆக்ஸ்ஃபோர்டு என்று இதற்கு உறவுகள் உண்டு. அவை மேசைப் பக்கம் சாய்ந்தவை. களமும் மேசையும் ஒரே நாளில் அமையும் என்னைப் போன்றவர்களுக்குச் சாதாரண ஆக்ஸ்ஃபோர்டே சரி.

இனி 131 வரிகளுக்கு வருகிறேன். கருநீல பேன்ட்டோடு 41 நாட்கள், சாம்பல் நிறத்தோடு 27, காக்கியோடு 22, ஆலிவ் பச்சையோடு 19, ஜீன்ஸோடு 14, கறுப்போடு 8.

கறுப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் மிகவும் எதிர்பார்த்துத் தோற்றது அங்கேதான். கறுப்பு எல்லாவற்றோடும் போகும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். என் கறுப்பு பேன்ட்டை வேறு சட்டைகளோடு போடும்போது குறை தெரியவில்லை. இந்த இளநீலத்துக்குக் கீழே போட்டவுடன் அது பழுப்பேறி, சாயம் வெளுத்து, துருப்பிடித்ததுபோல் தெரிந்தது. பேன்ட் பழையதாகிவிட்டது என்றுதான் முதலில் எழுதிவைத்தேன். பிறகு புதிதாக ஒரு கறுப்பு பேன்ட்டைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அதிலும் அந்தப் பழுப்புச் சாயல் வந்தது, அளவு மட்டும் குறைவு.

இதே புகாரை இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தீர்த்துவைத்திருக்கிறார் என்று படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். மிஷெல் யூஜின் ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1824இல் பாரிஸ் நகரில் சித்திரத் திரைச்சீலைகளை நெய்யும் கோபெலின் ஆலையில் சாயத் துறைக்குத் தலைவரானார். அந்தச் சித்திரங்களில் வரும் நீல, ஊதா ஆடைகளின் நிழல்களுக்கு நெய்யும் கறுப்பு நூல் வலுவில்லாமல் இருக்கிறது என்று ஆலையில் புகார் இருந்தது. அவர் கறுப்புச் சாயத்தைச் சோதித்துப் பார்த்தார், அதில் குறையில்லை. பக்கத்தில் இருந்த நீலமே கறுப்பைக் கெடுத்தது. ஒரு நிறம் தன் எதிர் நிறத்தின் சாயலைப் பக்கத்தில் இருப்பதன் மேல் ஏற்றுகிறது. நீலத்தின் எதிர் நிறம் ஆரஞ்சு. ஆகவே நீலத்துக்கு அருகில் உள்ள கறுப்பு சற்றே ஆரஞ்சேறித் தெரியும். 1839இல் அவர் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். என் பேன்ட்டின் பழுப்பு பேன்ட்டில் இல்லை. என் கண்ணில் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு மற்ற வரிகள் எல்லாம் எனக்குத் தெளிவாகின. பழுப்பு நிறக் காலணியும் பழுப்பு பெல்ட்டும் இந்தச் சட்டையோடு ஏன் இவ்வளவு பொலிவாகத் தெரிகின்றன? கறுப்பைக் கெடுத்த அதே ஆரஞ்சுச் சாயல் பழுப்புக்கு உயிர் கொடுக்கிறது. நான்கு ஆண்டுகளாக மெருகு போட்டுப் பயன்படுத்திவரும் என் பழுப்புத் தோல் காலணிகளை, "புதிதா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு நாளும் நான் போட்டிருந்தது இந்தச் சட்டைதான். காக்கியும் அப்படியே. காக்கி மணல் மஞ்சளின் பக்கம் நிற்பதால், நீலத்தின் கீழ் அது வெதுவெதுப்பாகி நன்றாகப் பிரிந்து தெரிகிறது. முன்பு வெள்ளைச் சட்டையோடு போட்டபோது என் காக்கி பேன்ட் அழுக்காகத் தெரிந்தது நினைவிருக்கிறது.

கருநீல பேன்ட்டோடு போட்ட 41 நாட்களில் பெரும்பாலானவை வழக்கறிஞர்களைச் சந்தித்த நாட்கள். ஒரே நிறக் குடும்பத்தின் மேல்படியும் கீழ்படியும் சேர்ந்தால் உடுத்தியவர் சற்று உயரமாகத் தெரிகிறார். இடுப்பில் உடல் இரண்டாக வெட்டுப்படுவதில்லை. ஆனால் இதில் ஒரு கவனம் வேண்டும். இரண்டு நீலத்துக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்க வேண்டும். நடுத்தர நீல பேன்ட் ஒன்றோடு போட்டுப் பார்த்தேன். சீருடை தைக்கப் போய் துணி கிடைக்காமல் வேறொன்றை வாங்கியதுபோல இருந்தது. கறுப்பைப் போலவே அந்த பேன்ட்டையும் இந்தச் சட்டையால் மீட்க முடியவில்லை. அதை ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆலிவ் பச்சை எனக்கு எதிர்பாராத பரிசு. களத்தில் புல்கறையும் மண்ணும் தெரியாது என்பதற்காக மட்டும் வாங்கிய பேன்ட் அது, இரண்டு பக்கமும் பெரிய பைகள் வைத்தது. அதை அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போக நான் நினைத்ததே இல்லை. இந்தச் சட்டையை உள்ளே விட்டு, பழுப்பு பெல்ட் கட்டி, அதே பேன்ட்டைப் போட்டேன். அன்று ஒரு பாகப்பிரிவினைப் பேச்சு மூன்று மணி நேரம் நடந்தது. யாரும் என் பைகளைப் பார்க்கவில்லை. முரட்டுப் பருத்தியின் சொரசொரப்புக்குச் சட்டையின் சொரசொரப்பு ஈடுகொடுக்கிறது. உடைகளைச் சேர்ப்பது என்றால் நிறத்தைச் சேர்ப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் நிறம் பாதிதான். துணியின் மேற்பரப்பு மறு பாதி. வழவழப்பான சட்டையும் முரட்டு பேன்ட்டும் ஒரே உடம்பில் இருந்தாலும், இரண்டு வேறு ஆட்களுடையவைபோல் தெரியும். சாம்பல் நிறக் கம்பளி கலந்த பேன்ட் வழவழப்பானது. அதோடு இந்தச் சட்டை சேர்வதற்கு நன்றாக இஸ்திரி போட்டிருக்க வேண்டும். போடாத நாட்களில் சேரவில்லை என்று குறிப்பேடு சொல்கிறது.

ஜீன்ஸோடு ஓர் எச்சரிக்கை. அடர்நீல ஜீன்ஸின் இண்டிகோ சாயம் நூலின் உள்ளே முழுதாக இறங்குவதில்லை. மேலே படிந்து நிற்கிறது. உரசினால் அது பக்கத்துத் துணிக்கு வரும். என் இரண்டாவது சட்டையின் கீழ் விளிம்பில், இடுப்புப் பட்டை படும் இடத்தில், ஒரு நீல வளையம் விழுந்துவிட்டது. சட்டையை உள்ளே விட்டு உடுத்துவதால் அது வெளியே தெரியாது. ஆனாலும் வெளிர்நிறச் சட்டையை நான்கைந்து முறை துவைத்த ஜீன்ஸோடுதான் போட வேண்டும் என்பதை இப்படித்தான் கற்றேன்.

அளவு பற்றிச் சொல்ல என் தங்கையைத்தான் அழைக்க வேண்டும். அவள் வீட்டில் தையல் எந்திரம் வைத்திருக்கிறாள். குடும்பத்தில் எல்லோருடைய துணியும் அவள் கையைத் தாண்டித்தான் போகும். நான் கடைக்குப் புறப்பட்டபோது அவள் சொன்னது ஒன்றுதான்: "அண்ணா, தோள் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார். இடுப்பை நான் பிடித்துத் தருகிறேன், கையை நான் குறைத்துத் தருகிறேன். தோளை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது." தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். அரை அங்குலம் கீழே இறங்கினால்கூட சட்டை யாரிடமிருந்தோ வாங்கிப் போட்டதுபோல் ஆகிவிடும். காலர் பட்டனைப் போட்ட பிறகு கழுத்துக்கும் காலருக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். முழங்கையை மடித்தால், கை நுனியில் பட்டன் வைத்த பட்டையான கஃப் மணிக்கட்டை விட்டு மேலே ஓடக் கூடாது. நான் முக்காலியை உயரே தூக்கும் வேலைக்காரன் என்பதால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தேன். சட்டையின் அடிப்பகுதி பேன்ட்டிலிருந்து வெளியே வரவில்லை. இதைக் கடையில் செய்து பார்க்க வெட்கப்பட வேண்டாம்.

கீழ் விளிம்பையும் பாருங்கள். முன்னும் பின்னும் நாக்குபோல் வளைந்து நீண்டிருந்தால், அது உள்ளே விட்டு உடுத்துவதற்காக வெட்டியது. வெளியே விட்டால் உடம்பு சுருங்கி, கால்கள் குட்டையாகத் தெரியும். விளிம்பு நேராக, பேன்ட்டின் பின்பையின் பாதி வரை மட்டும் வந்தால் வெளியே விடலாம். என்னுடையவை வளைந்தவை. விடுமுறை நாட்களில் வெளியே விட்டு உடுத்த ஆசைப்பட்டேன். நான்கு முறை முயன்று விட்டுவிட்டேன். ஒரு சட்டையின் விளிம்பை நேராக வெட்டித் தரட்டுமா என்று தங்கை கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்படி வெட்டினால் கையைத் தூக்கும்போது வெளியே வந்துவிடும்; என் வேலைக்கு அது ஆகாது.

காலர்தான் இந்தச் சட்டையின் முகம். ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இதைப் பற்றிச் சொல்லும் வரலாறு இது: நிறுவனரின் பேரன் ஜான் இ. ப்ரூக்ஸ் 1896இல் இங்கிலாந்தில் போலோ ஆட்டம் பார்க்கப் போனார். குதிரை ஓடும் வேகத்தில் காலர் முகத்தில் அடிக்காமல் இருக்க ஆட்டக்காரர்கள் அதன் நுனிகளைப் பட்டன் போட்டுப் பிடித்திருந்ததைக் கண்டார். ஊர் திரும்பியதும் அதையே சட்டைகளில் கொண்டுவந்தார். குதிரையில் ஏறாத எனக்கும் அது பயன்படுகிறது. திறந்த வெளியில் காற்று அடிக்கும்போது காலர் எழுந்து நிற்பதில்லை. கழுத்தில் தொங்கும் கருவிப் பட்டை அதை மடக்குவதில்லை. மேல் பட்டனைத் திறந்துவிட்டாலும் இரண்டு பக்கமும் சரிந்து விழாமல் நிமிர்ந்து நிற்கிறது.

ஆனால் எல்லாக் காலரும் இப்படி நிற்காது. இந்த இரண்டுக்கும் முன் வேறு ஒரு தயாரிப்பாளரின் சட்டை வாங்கியிருந்தேன். பெயர் சொல்லப்போவதில்லை, தவறு அவர்களிடம் மட்டும் இருப்பதல்ல, எங்கும் நடப்பது. அதன் காலருக்குள் இருந்த விறைப்புத் துணியைப் பசை வைத்துச் சூட்டில் ஒட்டியிருந்தார்கள். ஐந்தாவது துவைப்பில் பசை விட்டு, காலர் முழுவதும் கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. எத்தனை இஸ்திரி போட்டாலும் படியவில்லை. துணியிலும் பாலியஸ்டர் பாதி கலந்திருந்தது. கழுத்தைச் சுற்றியும் கையிடுக்கிலும் சிறு சிறு நூல் உருண்டைகள் சேர்ந்தன. பருத்தியிலும் உருண்டை விழும், ஆனால் நூல் மெலிந்து தானாக உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை வலுவானது என்பதால் உருண்டையை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. வேர்வையிலும் வேறுபாடு பெரிது. பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்குக் காற்றின் ஈரத்தை உள்வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டரால் அரை சதவீதம்கூட முடியாது. மதிய வெயிலில் அந்தச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. இப்போது உள்ள இரண்டும் முழுப் பருத்தி. காலரில் விறைப்புத் துணி மெல்லியது, ஒட்டாமல் தைத்தது. அதனால்தான் காலர் பலகைபோல் நிற்காமல், பட்டனுக்கு மேலே மென்மையாக வளைந்து இறங்குகிறது. அந்த வளைவு எனக்கு மிகவும் பிடிக்கும். கடையில் வாங்கும்போது காலரின் இரு அடுக்குகளையும் விரல்களால் பிடித்துத் தேய்த்துப் பாருங்கள். அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவினால் தைத்தது. ஒரே அட்டையாக இருந்தால் ஒட்டியது.

பட்டன் பட்டி நேராக இருக்கிறது. காஜாக்கள் அடர்த்தியாகத் தைக்கப்பட்டு, நூல் பிசிறாமல் இருக்கின்றன. பக்கத் தையல்கள் உள்ளே மடித்து இரண்டு வரியாக ஓட்டியவை. 71 துவைப்புக்குப் பிறகும் ஒரு இடத்திலும் விடவில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

குறைகளைச் சொல்ல வேண்டும், அவை சிறியவை அல்ல.

முதலாவது வேர்வை. துணி வேர்வையை நன்றாக உறிஞ்சுகிறது, ஆனால் அதை ஊருக்கே காட்டுகிறது. நனைந்த துணி கருமையாகத் தெரியும் என்பது எல்லாத் துணிக்கும் பொது. இழைகளுக்கு நடுவில் நீர் நிரம்பினால் ஒளி முன்புபோல் சிதறித் திரும்பாது. வெள்ளையில் அந்த வேறுபாடு கொஞ்சமே தெரியும், கருநீலத்திலும் கொஞ்சமே தெரியும். இளநீலத்தில் வரைபடத்தின் எல்லைக் கோடுபோலத் துல்லியமாகத் தெரியும். கடும் வெயில் மாதங்களில் உள்பனியன் இல்லாமல் இதை உடுத்தவே முடியவில்லை. குறிப்பேட்டில் அந்த மாதங்களில் வரிகள் குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இரண்டாவது கனமும் ஈரமும். முழுக்கைச் சட்டை ஒன்று என் தராசில் 290 கிராம் வருகிறது. என் பாப்ளின் சட்டை 210 கிராம்தான். மழைநாளில் துவைத்தால் காலரும் கஃப்பும் மறுநாள் காலையிலும் ஈரமாக இருக்கும். இரண்டு சட்டை வாங்கியதே இதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் உடுத்த முடியாது.

மூன்றாவது நிறம். களத்தில் அதிகம் போன முதல் சட்டையின் தோள்களும் முதுகின் மேல்பகுதியும் வெயிலில் வெளுத்துவிட்டன. இரண்டையும் அருகருகே மாட்டினால் ஒரே நாளில் வாங்கியவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்தத் துணி வெளுப்பதில் ஓர் அழகு இருக்கிறது. பாதி நூல் ஏற்கெனவே வெள்ளை என்பதால் திட்டுத்திட்டாக இல்லாமல் மெதுவாக இளகுகிறது. உடம்பில் போட்டிருக்கும்போது எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மேசையில் அமரும் நாட்களுக்கு இரண்டாவது சட்டை, களத்துக்கு முதல் சட்டை என்று அவை தாங்களாகவே பிரிந்துகொண்டன.

சுருக்கம் விழும். அதைக் குறை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உதறி ஹேங்கரில் காயவைத்து, சற்று ஈரம் இருக்கும்போதே காலருக்கும் பட்டன் பட்டிக்கும் கஃப்புக்கும் மட்டும் இஸ்திரி போட்டால், உடல்பகுதியின் சுருக்கம் நெசவோடு கலந்துபோகிறது.

நிறத்தைப் பற்றி இன்னொன்று விட்டுப்போயிற்று. இந்தச் சட்டையோடு சேர்க்க ஒரு சாம்பல் நிற பேன்ட் வாங்கப் போனபோது, சட்டையைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். கடையின் விளக்கில் இரண்டும் அருமையாகச் சேர்ந்தன. வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தால் பேன்ட்டில் லேசாக ஊதா ஓடியது. இரண்டு சாயங்கள் ஒரு விளக்கில் ஒத்துப்போய், வேறு வெளிச்சத்தில் பிரிந்து நிற்பது சாயத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வாங்குகிற நமக்குத்தான் தெரிவதில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை இரண்டையும் வாசலுக்கு எடுத்து வந்து பார்த்த பிறகே வாங்கினேன். வீட்டிலும் இப்போது உடையை இரவிலேயே எடுத்து வைப்பதில்லை. காலையில் ஜன்னலோரம் வைத்துத்தான் சேர்க்கிறேன்.

கைமடிப்பைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் களத்திலிருந்து மேசைக்கு என்னை மாற்றுவது அதுதான். கஃப்பின் பட்டனை அவிழ்த்து, கஃப்பை முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை ஒரே மடிப்பாக இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு கீழே தொங்கும் பகுதியை மட்டும் மேல்நோக்கி ஒரு முறை மடித்து, கஃப்பின் பாதியை மூட வேண்டும். சுருள் சுருளாக மடிப்பதைவிட இது உறுதியாக நிற்கும். தடித்த ஆக்ஸ்ஃபோர்டில் நாள் முழுவதும் அவிழாது. பாப்ளினில் ஒரு மணி நேரத்தில் நழுவும். அலுவலக வாசலில் கையைக் கழுவி, மடிப்பைப் பிரித்து, கஃப் பட்டனைப் போட்டால் அரை நிமிடத்தில் வேறு ஆளாகிவிடுகிறேன். மடிப்பின் கோடு லேசாகத் தெரியும். எனக்கு அது உறுத்தவில்லை.

யார் வாங்கலாம்? பல பேன்ட்கள் வைத்திருந்தும் காலையில் எதை எடுப்பது என்று நிற்பவர்கள் வாங்கலாம். நாளின் நடுவில் உடை மாற்ற வாய்ப்பில்லாதவர்கள் வாங்கலாம். அலமாரியில் பெரும்பகுதி கறுப்பாக இருந்தால் இந்த நீலத்தை வாங்க வேண்டாம்; அதே ஆக்ஸ்ஃபோர்டில் வெள்ளையையோ சாம்பலையோ எடுங்கள். அதிகம் வேர்ப்பவர்களும் வெள்ளையின் பக்கம் போவது நல்லது. மெலிந்த, பளபளப்பான தோற்றத்தை விரும்புகிறவர்களுக்கு இந்தத் துணி முரடாகத் தோன்றும். அவர்கள் விருப்பம் தவறல்ல, இந்தச் சட்டை அவர்களுக்கானதல்ல, அவ்வளவுதான்.

முதல் சட்டையின் காலர் மடிப்பு சென்ற மாதம் நைந்துவிட்டது. சட்டையில் பெரும்பாலும் முதலில் தேய்வது அந்த விளிம்புதான். கழுத்தின் உப்பும் தாடியின் முனையும் அதை அறுக்கின்றன. தூக்கிப் போட வேண்டியதுதான் என்று நினைத்துத் தங்கையிடம் காட்டினேன். அவள் எதுவும் சொல்லாமல் பிளேடால் காலரைப் பட்டையிலிருந்து பிரித்தெடுத்து, திருப்பி வைத்து, மறுபடியும் தைத்துவிட்டாள். நைந்த பக்கம் உள்ளே போய்விட்டது. வெயில் படாத பக்கம் வெளியே வந்திருக்கிறது. காஜாக்கள் இரண்டு பக்கமும் ஊடுருவிப் போவதால் நுனிப் பட்டன்கள் அதே இடத்தில் விழுகின்றன. தோள் வெளுத்த சட்டையில் காலர் மட்டும் இப்போது வாங்கிய அன்றைய நிறத்தில் இருக்கிறது. 131ஆம் வரி அந்தச் சட்டைக்குரியது: "ஆலிவ் பேன்ட், பழுப்புக் காலணி, ஏரிக்கரை எல்லை, மாலையில் காலர் நன்றாக நின்றது."